குரோமைக் கருப்பாக்கப் போய் நான் கருத்த கதை

காரில் குரோம் ஒட்டியவனைத் திட்டுவதா, அதை வீட்டிலேயே கருப்பாக்கலாம் என்று வீடியோ போட்டு ஆசை காட்டியவனைத் திட்டுவதா என்று தெரியாமல் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன். இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. முழங்கால் விண்விண் என்று தெறிக்கிறது. கட்டை விரலில் பேண்டேஜ். வண்டி இடப்பக்கம் கருப்பும் வலப்பக்கம் குரோமுமாக அர்த்தநாரீசுவரர் கோலத்தில் நிற்கிறது. வாட்ச்மேன் அண்ணன் போகிறபோதும் வருகிறபோதும் நின்று பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

என்னுடையது ஆறு வருடப் பழைய செடான், டாப் வேரியன்ட். டாப் வேரியன்ட் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான்: இடம் கிடைத்த பக்கமெல்லாம் பளபளவென்று எதையாவது ஒட்டு. முன்பக்கச் சல்லடையான கிரில்லில் குரோம், ஃபாக் லேம்ப்பைச் சுற்றிக் குரோம், கதவுக் கைப்பிடியில் குரோம், ஜன்னலுக்கு அடியில் நீளமாக ஒரு கோடு, டிக்கியில் மீசை மாதிரி ஒரு பட்டை. வாங்கிய புதிதில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் திருவான்மியூர் கடல் காற்றும் போர்வெல் தண்ணீரின் உப்பும் கூட்டணி வைத்து, நாலே வருடத்தில் அதை அம்மைத் தழும்பு மாதிரி ஆக்கிவிட்டன. கிரில் ஓரத்தில் கொப்புளம் கட்டி உரிய ஆரம்பித்தது. அப்படி உரிந்த விளிம்பு சும்மா இருக்காது, அது ஷேவிங் பிளேடு. துடைக்கிற துணியைக் கிழித்துக்கொண்டு விரலில் இறங்கும். இந்த பேண்டேஜ் அதன் புண்ணியம்தான்.

மாற்றிவிடலாம் என்று போனால், "பட்டை மட்டும் தனியா வராது சார், கிரில் அசெம்ப்ளியாத்தான் வரும்" என்று ஒரு விலை சொன்னார்கள். அந்த விலைக்கு வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கலாம்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், கருப்புதான் இப்போது ஃபேஷனாம். 2019-இல் டாடா ஹாரியருக்கு 'டார்க்' என்று ஒன்று வந்தது, 2022-இல் ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 'நைட்' (Knight) என்று ஒன்று வந்தது. இப்போது எந்த ஷோரூமில் நுழைந்தாலும் குரோமைக் கழற்றிவிட்டுக் கருப்பு பூசிய பதிப்பு ஒன்று தனியாக நிற்கிறது. விலையைப் பார்த்தால் சாதாரண வண்டியைவிடக் கூடுதல். ஆக, குரோம் வேண்டுமென்றாலும் காசு, வேண்டாமென்றாலும் காசு. பொட்டு வைக்கவும் கூலி, அதை அழிக்கவும் கூலி!

சரி, நாம் குரோம் குரோம் என்கிறோமே, அதில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. உள்ளே இருப்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதற்கு மேல் செம்பு, அதற்கு மேல் நிக்கல், கடைசியில் பேருக்கு ஒரு குரோமியப் படலம். தாத்தா காலத்து அம்பாசடர் பம்பரில் முலாம் போனாலும் இரும்பு மிஞ்சும். இதில் முலாம் போனால் சோப்பு டப்பாதான் மிஞ்சும். அந்த முலாம் பூசுகிற தொட்டியில் இருந்த சரக்கு இன்னும் மோசம். ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், புற்றுநோய் தருகிற சமாச்சாரம். அலங்கார முலாமுக்கு அதைப் பயன்படுத்துவதை 2027-லிருந்து நிறுத்த வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2023-லேயே விதி போட்டுவிட்டார்கள். அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம், ராணிப்பேட்டைக்காரர்களைக் கேட்டால் போதும். அங்கே தொண்ணூறுகளில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்று ஊருக்கே தெரியும். அது முலாம் பூசுகிற ஆலை இல்லைதான், ஆனால் விஷம் அதே விஷம். இத்தனையும் தாங்கி வந்து என் கிரில்லில் உட்கார்ந்த பளபளப்பு நாலு வருடம்கூட ஒழுங்காக நிற்கவில்லை.

இப்போது வீடியோக்காரர்களுக்கு வருகிறேன்.

பார்த்திருப்பீர்கள். ஏசி போட்ட கராஜ், தூசியே இல்லாத தரை, கையில் கருப்பு கிளவுஸ். "நண்பர்களே, அரை மணி நேரத்தில் குரோம் டிலீட்!" என்று ஆரம்பிப்பார்கள். ஒட்டிக் காட்டுவது எந்த இடம்? டிக்கிப் பட்டை. நேராக, தட்டையாக, ஸ்கேல் மாதிரி இருக்கிற ஒரே இடம். அதைச் சின்னப் பிள்ளைகூட ஒட்டும். கிரில் வளைவு வரும்போது டக்கென்று ஒரு கட். ஜன்னல் முனை வரும்போது இன்னொரு கட். அப்புறம் பின்னணி இசையோடு முழு வண்டியும் கருப்பாக வந்து நிற்கும். நடுவில் நடந்தது எங்கேடா? அந்த மனிதன் எத்தனை முறை உரித்து எத்தனை முறை ஒட்டினான், யாரைத் திட்டினான், சாப்பிட்டானா இல்லையா, அதைக் காட்ட மாட்டான்.

முதல் ஞாயிறு, உரித்து எடுக்கக்கூடிய ரப்பர் ஸ்ப்ரே. பிடிக்கவில்லையென்றால் வாழைப்பழத் தோல் மாதிரி உரித்துவிடலாம் என்றார்கள். மறைக்க வேண்டிய இடத்தையெல்லாம் பேப்பரும் மாஸ்கிங் டேப்பும் வைத்து மறைக்கவே மூன்று மணி நேரம் போயிற்று. அந்த மலிவு டேப், மே மாத வெயிலில் உருகி, எடுக்கும்போது பாதிப் பசையைப் பெயின்ட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. ஒரு கோட் அடித்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அப்படி நாலைந்து கோட். எனக்குப் பொறுமை ஏது? மூன்றோடு நிறுத்திவிட்டேன். அந்த ரப்பர் கனமாக இருந்தால்தான் ஒரே தோலாக உரியும், மெல்லியதாக இருந்தால் துணுக்குத் துணுக்காகத்தான் வரும் என்பது அப்புறம்தான் புரிந்தது. அடுத்த வாரம் வாட்டர் வாஷில் பிரஷர் பம்பைக் காட்டினார்கள், பாதி பறந்துவிட்டது. மீதி பிடிவாதமாக நின்றது. போக வேண்டியது நிற்கிறது, நிற்க வேண்டியது போகிறது. மிச்சத்தை நகத்தால் சுரண்டியே ஒரு வியாழக்கிழமை இரவு போயிற்று.

இதில் காற்று வேறு. நான் கிரில்லுக்கு அடித்த ஸ்ப்ரேயில் கொஞ்சம் பக்கத்தில் நின்ற வெள்ளை ஸ்கூட்டர் மீது கருப்புத் தூளாகப் போய் உட்கார்ந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அந்த ஸ்கூட்டர் மூன்றாவது மாடி அண்ணனுடையது. நல்ல மனிதர், பொங்கலுக்குக் கரும்பெல்லாம் கொடுத்தனுப்புவார்.

இரண்டாவது ஞாயிறு, வினைல் ஃபிலிம், அதாவது ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள். கார் சாமான் விற்கிற ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்காத கடை இல்லை. "இது காஸ்ட் ஃபிலிம்தானா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: "காஸ்ட்தான் சார், இம்போர்ட்டட்." இந்த ஒரு வார்த்தையில்தான் என் மே மாதமே மண்ணாய்ப் போனது. விஷயம் இதுதான். காஸ்ட் ஃபிலிம் மெல்லியது, ஏறக்குறைய 50 மைக்ரான். திரவமாக ஊற்றிக் காய வைத்துச் செய்வதால், எந்த வளைவில் உட்கார வைத்தாலும் உட்காரும். காலண்டர்டு என்று இன்னொன்று உண்டு, மலிவானது. உருளைகளுக்கு நடுவே சப்பாத்தி மாதிரி அழுத்தி இழுத்துச் செய்வது. அதற்குப் பழைய நினைப்பு போகாது. சூடு பட்டதும் சுருங்கிப் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். சைன்போர்டில், சுவரில், தட்டையான இடத்தில் ஒட்ட அது போதும். வளைந்த குரோம் மேல் ஒட்டினால், வெயிலில் நிறுத்திய சில நாளிலேயே முனையெல்லாம் வடகம் மாதிரி சுருண்டு எழுந்து நிற்கும். எழுந்து நின்றது!

காரணம் அது மட்டுமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாட்டர் வாஷ் பையன்கள் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு எண்ணெய் மாதிரி பாலிஷ் தடவி அனுப்புவார்களே, அது சிலிக்கோன். அது இருக்கிற இடத்தில் எதுவும் ஒட்டாது. ஷாம்பு போட்டுக் கழுவினால் மட்டும் போகாது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஜன்னல் ஓர ரப்பர் பீடிங்குக்கு உள்ளே ஒளிந்திருப்பதையும் விடக் கூடாது. ஃபிலிமை ஒட்டி முடித்த பிறகு ஹீட் கன்னால் மறுபடி நன்றாகச் சூடு காட்டினால்தான் அது அந்த வடிவத்தில் நிலைக்கும். நான் மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச விரும்பவில்லை.

அப்புறம் வெட்டுவது. ஓரத்தில் மிஞ்சிய ஃபிலிமைப் பிளேடால் நறுக்கும்போது, கை ஒரு மயிரிழை அதிகம் அழுத்தினாலும் கீழே பெயின்ட்டில் கோடு விழும். அதற்கென்றே நூல் வைத்த டேப் ஒன்று உண்டாம், ஃபிலிமுக்கு அடியில் ஒட்டிவிட்டு நூலை இழுத்தால் தானே அறுத்துக்கொண்டு வருமாம். அதை எந்த வீடியோக்காரனும் எனக்குச் சொல்லவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவில் இப்போது நாலு விரல் நீளத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. நேரான கோடு. வாழ்க்கையில் நான் கையால் போட்ட ஒரே நேரான கோடு அதுதான்.

இதற்கு நடுவில் ஆலோசனைக்கா பஞ்சம்? இரண்டாவது மாடி அங்கிள் வந்து ரோலைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, கருப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதே, போலீஸ் பிடிச்சா ஃபைன் போடுவாங்களே" என்றார். அங்கிள், 2012-இல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது கண்ணாடியில் ஒட்டுகிற ஃபிலிமுக்கு. நான் ஒட்டுவது கண்ணாடிக்குக் கீழே ஓடுகிற பட்டைக்கு. "எதுக்கும் விசாரிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வாக்கிங் போய்விட்டார். அம்மா பால்கனியிலிருந்து, "பளபளன்னு இருந்த வண்டியை ஏன்டா எழவு வீட்டு வண்டி மாதிரி ஆக்குற?" என்று கத்தியது தெரு முனை இஸ்திரிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

மூன்றாவது ஞாயிறு, அதாவது இன்று. ரோஷம் வந்துவிட்டது. முறைப்படி பெயின்ட்டே அடித்துவிடுவோம் என்று காலையிலேயே கிரில்லைக் கழற்ற உட்கார்ந்தேன். எட்டு கிளிப். ஆறு வருடம் வெயிலில் வெந்த பிளாஸ்டிக் கிளிப்புகள். ஏழாவது நல்லபடியாக வந்தது, எட்டாவது டக்கென்று முறிந்தது. கம்பெனியில் கிளிப் மட்டும் கிடைக்காது, தெரிந்த கதைதானே, அசெம்ப்ளியாகத்தான் வரும். பழைய கார் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் எந்தக் கடை திறந்திருக்கும் என்று தேட எனக்குத் தெம்பில்லை.

தெரிந்த பெயின்டர் அண்ணன் ஒருவரிடம் போனில் கேட்டேன். "குரோம் மேல சும்மா பெயின்ட் அடிச்சா நிக்காது சார், உரிச்சுக்கிட்டு வந்துடும். 400 நம்பர் எமரி பேப்பர் போட்டுத் தேய்ங்க, பளபளப்பு சுத்தமா சாகணும். அப்புறம் பிளாஸ்டிக்குக்குன்னு இருக்கற பிரைமர், அது காஞ்சதும் 600 போட்டு லேசா ஒரு தேய்ப்பு, கருப்பு ரெண்டு கோட், மேல கிளியர். வேகாத வெயில்ல அடிக்காதீங்க, மழை மூட்டத்துலயும் அடிக்காதீங்க." இந்த மூன்று வாரத்தில் உண்மை பேசிய ஒரே மனிதர். ஆனால் சென்னையில் வேகாத வெயிலும் இல்லாமல், மழை மூட்டமும் இல்லாமல் இருக்கிற நாள் எது? மார்கழி வரைக்கும் வண்டியைப் போர்த்தி வைக்கவா? ஜன்னல் கோட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அது குரோமே இல்லையே சார், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அது தனி வேலை" என்று அதற்கொரு இடியை இறக்கினார்.

தொழில்முறையாக ஒட்டுகிறவர் ஒருவர் முதலிலேயே முழு வண்டிக்கும் 7,500 ரூபாய் கேட்டார். "பகல் கொள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்ப்ரே, ரோல் இரண்டு, பிறகு வாங்கிய ஹீட் கன், பேப்பர், பிரைமர், ஹேர் டிரையருக்குப் பதில் புது ஹேர் டிரையர் எல்லாவற்றையும் மனைவி நேற்று ராத்திரி ஒரு தாளில் கூட்டிப் பார்த்தாள். தாளை மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள். நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது கிரில் இல்லாத வண்டி பொக்கை வாயோடு என்னையே பார்க்கிறது. நாளைக்கு ஆபீஸுக்கு மெட்ரோதான்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. மூன்றாவது மாடி அண்ணனின் வெள்ளை ஸ்கூட்டரில், கண்ணாடியின் பின்பக்கம், நான் துடைக்கத் தவறிய கருப்புப் புள்ளிகள் இன்னும் ஏழெட்டு இருக்கின்றன. அவர் லிஃப்டில் இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது, சாவி வேறு குலுங்குகிறது.