என் இலையில் மிச்சம் இருந்தது பற்றி

குடும்ப குரூப்பில் சுற்றுகிற ஒரு மிச்ச இலைப் படத்தைப் பற்றி முந்தாநாள் நான் போட்ட இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, அது உன் இலையா என்று இன்பாக்ஸில் வந்து கேட்டவர்களுக்கு: ஆமாம், அந்த இலை என்னுடையதுதான். பாளையங்கோட்டையில் மறுவீட்டுப் பந்தியில் நான் சாப்பிட்டு எழுந்த இலை. அதைப் படம் பிடித்து, "யார் இலைன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலைப் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்றியது யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. மூன்றாவது மெசேஜிலேயே என் பெயர் வந்துவிட்டது. ஐந்தாவதில், "நாலு லட்சம் குடுத்து வயித்த வெட்டிக்கிட்டா இப்படித்தான், சோத்தோட அரும தெரியாது." (எடை குறைக்க நான் செய்துகொண்ட வயிற்று ஆபரேஷனைத்தான் சொல்கிறார்கள்.) அதற்குக் கீழே ஒரு பெரியப்பா, ஒரு பருக்கை அரிசிக்கு விவசாயி எவ்வளவு வியர்வை சிந்துகிறான் என்று எங்கிருந்தோ வந்த ஃபார்வர்ட் ஒன்றைத் தட்டிவிட்டார். அவருக்கு வயல் இருந்த காலத்தில் அவர் ஒரு நாளும் வரப்பில் இறங்கியதில்லை, அது வேறு கதை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. என் இலையைப் பார்க்காதீர்கள். அவ்வளவுதான். பத்து வயதில் ஆச்சி வீட்டில் நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டியபோது "ஏட்டி, போதும்" என்று ஒரு சித்தி தட்டை நகர்த்தினாளே, அன்றிலிருந்து நாற்பத்தோரு வயது வரைக்கும் நான் எத்தனை இட்லி தின்கிறேன் என்று இந்தக் குடும்பம் எண்ணியது. இப்போது நான் எத்தனை வாய் தின்னவில்லை என்று அதே குடும்பம் எண்ணுகிறது. எண்ணுகிற ஆட்களும் மாறவில்லை.

பந்தியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறுவீடு என்றால் எங்கள் பக்கம் சொதி. தேங்காய்ப்பால், இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு எல்லாம் தெரிந்ததுதானே. நான் உட்காரும்போதே இலையில் பாதிச் சாமான் வைத்தாகிவிட்டது. பந்தி அப்படித்தான் நடக்கும், நம் அளவைக் கேட்டு யாரும் பரிமாறுவதில்லை. சாதம் வந்தபோது இலைமேல் கையை விரித்து, "ஒரு கரண்டி போதும் தம்பி" என்றேன். "மறுவீட்டுல வந்து ஒரு கரண்டியாக்கா" என்று சிரித்துக்கொண்டே என் விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டியைப் போட்டுவிட்டுப் போனான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்கு என்ன தெரியும். நாலு வாய் சொதிச் சாதம், நாக்கில் தொட்டுக்கொள்கிற அளவு துவையல், இரண்டு உருளைக்கிழங்குத் துண்டு. இதைச் சாப்பிட எனக்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குள் என் வரிசையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், இலை எடுக்கிறவர் கூடையோடு வந்து நிற்கிறார். நானும் எழுந்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் படம் எடுத்தாயிற்று.

"சரி, சாப்பிட முடியாதுன்னு தெரிஞ்சு எதுக்குப் பந்தியில உக்காரணும்?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். உட்காராமல் போயிருந்தால், "ஆபரேஷன் பண்ணதுலருந்து பெரிய இவளாயிட்டா, நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டேங்கா" என்பாள். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, போன தை மாதம் வேறொரு கல்யாணத்தில் இதே வாய் இதே வார்த்தையைச் சொன்னது.

எனக்குச் செய்தது ஸ்லீவ். 2022இல், மதுரையில். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தை ஸ்டேப்ளர் பின் அடித்து வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். புதிதில் அது 100, 150 மில்லி பிடிக்கும். வீட்டுக் காபி டம்ளரை எடுத்துப் பாருங்கள், அதில் தளும்ப ஊற்றினால் அதைவிட அதிகம். நாளாக ஆகக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், ஆனாலும் பழைய வயிறு திரும்பி வராது. பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான் என்பதால், முதல் சில மாதம் பசி என்பதே மறந்துபோயிருந்தது. பசியே தெரியாமல் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். அந்த நூதனத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அட்டெண்டர் கையெழுத்துப் போட்டது என் தம்பி. எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டு, "எக்கா, இதுல சாவுறது பத்தியும் ஒரு வரி இருக்கு" என்றான். "இருக்கும்ல, போடு" என்றேன். ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலமே எழுந்து நடக்கச் சொன்னார்கள். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில், வயிற்றுக்குள் வாயு அடைத்துச் செய்வதால் அந்த வலி எங்கே வரும் தெரியுமா, தோள்பட்டையில். வெட்டினது வயிற்றில், வலிக்கிறது தோளில். தம்பிதான் டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டே வராந்தாவில் கூட நடந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இருமல் மருந்துப் பாட்டில் மூடி ஒன்றைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்கு அவுன்ஸ் கிளாஸ் என்று பெயர். கால் மணிக்கு ஒரு மூடி தண்ணீர். அதுவும் ஒரே வாயாக இல்லை, நனைத்து நனைத்து. பருப்பு வேகவைத்த தண்ணீரை வடிகட்டி ஒரு மூடி. மோரைத் தெளிய வைத்து மேலாக இறுத்து ஒரு மூடி. சுவரில் மாட்டிய காலண்டர் தாளில் ஒவ்வொரு மூடிக்கும் பென்சிலால் கோடு போட்டாள், பால்கணக்கு மாதிரி. ஒரு நாள் இருபத்தேழு கோடு. அப்புறம் கெட்டித் திரவம், அப்புறம் மசித்தது, ஆறேழு வாரம் கழித்துத்தான் இட்லி என்று ஒன்றைப் பார்த்தேன். பாதி இட்லி. அதை வைத்துக்கொண்டு நான் அழுதேன், அம்மா வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாளைக்கு அறுபது கிராமாவது புரதம் வேண்டும் என்றார் டயட்டீஷியன். எங்களுடையது சைவ வீடு, முட்டை வாசலைத் தாண்டாது. பனீர், பயறு, தயிர், புரதப் பவுடர் என்று ஓட்டினேன், பவுடர் வாடை பட்டாலே இன்றைக்கும் குமட்டுகிறது. அப்படியும் நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகப் போனது, பிறகு வந்தது. பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக்கூடாது, இடையில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி இடைவெளி. என் கைப்பையில் மாத்திரைப் பெட்டி இல்லாத நாள் கிடையாது.

இதற்குத்தான் "குறுக்கு வழி" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். முதல் வருஷம், ஒரு வளைகாப்பில், "ஒரே ஒரு வாய், எனக்காக" என்று ஓர் அத்தை கலவைச் சாதத்தை வாயருகே நீட்டினாள். மறுக்க முடியவில்லை, வாங்கிக்கொண்டேன். நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே ஒரு கல்லை வைத்து அமுக்கின மாதிரி ஆனது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறுகிறது, நிற்கவே இல்லை. பட்டுச்சேலையோடு கொல்லைப்புறத்துக்கு ஓடி, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு வாயையும் வெளியே தள்ளினேன். உள்ளே திரும்பி வந்தால் அதே அத்தை, "விசேஷமா?" என்று கண்ணடிக்கிறாள். இனிப்பு இன்னொரு தினுசு. திருநெல்வேலிக்காரிக்கு அல்வா இரண்டு விள்ளலுக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, படுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இலையில் மிச்சம் வைப்பது எனக்குத் திமிர் இல்லை. அந்தத் துவைக்கிற கல் ஞாபகம் வருகிறது, வைத்துவிடுகிறேன்.

அடுத்து வருவார்கள், "வாயக் கட்டியிருந்தா போதுமே, நடந்திருந்தா போதுமே" என்பவர்கள். ஐயா, அம்மா, நான் நடக்கவில்லையா? வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நான் நடந்த நடைக்குக் கன்னியாகுமரிக்கு நாலு தடவை போய் வந்திருக்கலாம். கொள்ளுக்கஞ்சி குடித்தேன். இராத்திரி வெறும் பழம். சோற்றை விட்டுக் கொழுப்பைத் தின்கிற டயட்டான பேலியோவைப் பற்றி முகநூலே பேலியோ பேலியோ என்று கிடந்த காலத்தில் காலைக்கு நூறு பாதாம் எண்ணித் தின்றேன், பத்தொன்பது கிலோ குறைந்தது, நீங்களே வந்து லைக் போட்டீர்கள். இரண்டு வருஷத்தில் இருபத்தைந்தாகத் திரும்பி வந்தபோது ஒருத்தரையும் காணோம். 118 கிலோ, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 47. கட்டுக்கடங்காத சர்க்கரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் என்பதால் மூக்கில் கவசம் மாட்டி, மெஷினைப் போட்டுக்கொண்டு தூக்கம். ஸ்வீடனில் உடல் பருமன் உள்ள 4,047 பேரை, எடைக்காக ஆபரேஷன் செய்தவர்களும் செய்யாதவர்களுமாக, பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2007இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஆபரேஷன் இல்லாமல் வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களின் சராசரி எடை பதினைந்து வருஷம் வரைக்கும் பார்த்தும் இரண்டு சதவீதம்கூட மாறவில்லை. ஆபரேஷன் செய்தவர்களில் இறப்பும் குறைவு. ஸ்வீடன்காரர்கள் அத்தனை பேருமா வாயைக் கட்டத் தெரியாதவர்கள்? அமெரிக்காவில் டிவி போட்டியில் உயிரைக் கொடுத்து எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தபோது, அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற கலோரி, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 அளவு குறைவாகவே கிடந்தது. உடம்பு இப்படிப் பிடிவாதம் பிடிக்கும்போது மனுஷி என்ன செய்வாள். இன்சூரன்ஸ் விதியிலேயே இந்த ஆபரேஷனுக்கு பிஎம்ஐ 40 இருக்க வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது. 35 என்றால் கடுமையான நோய் ஏதாவது கூட இருக்க வேண்டும், கத்தி வைக்காத வழிகளில் முயன்று தோற்றுமிருக்க வேண்டும். தோற்றதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். என் சொந்தக்காரர்கள்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்துப்போறாங்களே" என்பது நியாயமான கேள்வி. 2024இல் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பையன் சென்னையில் எடை குறைக்கிற ஆபரேஷனுக்குப் போய் இறந்துபோனான். அந்தச் செய்தியை எனக்கு ஏழு பேர் அனுப்பினார்கள், நான் ஆபரேஷன் முடித்து இரண்டு வருஷம் ஆன பிறகு. எதற்கு அனுப்பினார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. அந்தப் பையனின் அம்மாவை நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை. வேறென்ன சொல்ல.

"திரும்ப ஏறுதே?" ஏறுகிறது. 75 வரை இறங்கி இப்போது 81. பசியும் திரும்பி வந்துவிட்டது, முன்பு மாதிரி இல்லை, ஆனால் வந்துவிட்டது. டாக்டரே முன்கூட்டிச் சொன்னதுதான். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, மெஷின் பரணில் கிடக்கிறது. இதை மட்டும் யாரும் படம் பிடித்து குரூப்பில் போடவில்லை.

"அன்புலதான சொல்றாங்க" என்று எழுதப்போகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். அன்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவும்தான் எண்ணினாள். கோடு போட்டு எண்ணினாள். அந்தத் தாளை யாருக்கும் காட்டவில்லை, சாமி அலமாரியில் மடித்து வைத்திருந்தாள், அவள் போன பிறகுதான் என் கைக்கு வந்தது.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு அதே பந்தியில் எனக்குப் பக்கத்தில் என் மகள். பதின்மூன்று வயது. இரண்டாவது தடவை சொதி கேட்டாள், அவ்வளவுதான். எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல், "பாத்து தின்னு தாயி, பொறவு ஒங்கம்ம மாதிரி நீயும் வெட்டிக்கிட வேண்டி வரும்." வரிசையே சிரித்தது. பிள்ளையும் சிரித்தாள். சிரித்துவிட்டு, வாங்கின சொதியைத் தொடவே இல்லை. படத்தை நன்றாகப் பாருங்கள், என் இலைக்கு இடப்பக்கம் ஓரத்தில் இன்னொரு இலை பாதி தெரிகிறது. சாதம் குவியலாக அப்படியே இருக்கிறது. அது அவளுடையது. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் போட்டி வைக்கவில்லை.

குரூப்பில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை. பதினான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். யார் யார் என்று தொட்டுப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். ஒன்பதாவதாக என் தம்பி பெயர். போன் போட்டுக் கேட்டதற்கு, "தெரியாம கை பட்டுருக்கும்க்கா" என்கிறான்.

சரி.