கொல்லைப் பக்கம் மட்டும் தெரிந்த வீடு

போன மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஆறாவது படிக்கும் மகளுக்கும் அன்றைக்கு லீவு. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போனேன். எனக்கு அது நாலாவது தடவை, அம்மாவுக்கு முதல் தடவை. அன்று ஒரு வீட்டு வாசலில் அம்மா நின்ற நிற்பு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈசிஆர் ஓரமாகப் பத்து ஏக்கரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நாலு சீமை வீடுகளும் நிற்கின்றன. சினிமா செட் மாதிரி போட்டவை இல்லை. சொந்தக்காரர்கள் இடித்துவிட முடிவு செய்த வீடுகள் பலவற்றை வாங்கி, தூணும் உத்திரமும் நிலையும் கதவுமாகப் பிரித்தெடுத்து, கொண்டுவந்து, பழைய வேலை தெரிந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்தே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் செய்த வேலை இது. இடத்தின் அமைப்பை லாரி பேக்கர் வகுத்துக் கொடுத்தார். 1996 டிசம்பரில் திறந்தார்கள். செட்டிநாட்டுத் தேக்குத் தூண்களைக் கழற்றிக் கழற்றி விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு காரியத்தில் இறங்கியிருக்காவிட்டால், இன்று என் மகள் கை வைத்துத் தடவிப் பார்க்க இவ்வளவு மிஞ்சியிருக்காது.

கேரளப் பக்கம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவ வீட்டையும், வீட்டுக்குள்ளேயே நெல் கொட்டி வைக்கும் மர அறையையும் அம்மா ரசித்துப் பார்த்தார். செட்டிநாட்டு வீட்டில் தூணைக் கட்டிப் பிடித்து, கைக்குள் அடங்கவில்லை என்று சிரித்தார். குயவர் வீட்டில் சக்கரத்தை விட்டு நகரவே மனமில்லை. அங்கெல்லாம் தயக்கம் ஒன்றும் இல்லை.

அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்தோம். மகள் ஒரே தாவாகத் திண்ணையில் ஏறி, ரேழியைத் தாண்டி, உள்ளே ஓடிவிட்டாள். நானும் படியேறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா தெருவிலேயே நிற்கிறார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுவர் மேல் படாமல், ஓரமாக. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே காவலுக்கு இருந்தவர்கூட "வாங்க, வாங்க" என்றுதான் கை காட்டினார்.

"ஏம்மா, வாம்மா" என்றேன்.

"இல்ல, நீங்க பாத்துட்டு வாங்க. நான் இப்புடி நிக்கிறேன்."

உள்ளேயிருந்து மகள் கத்தினாள். "அம்மாச்சி, வாங்களேன், உள்ளே வானம் தெரியுது!"

அப்புறம்தான் ஏறினார். நிலைப்படியில் கை வைத்து, ஒரு நொடி நின்று, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். கல்யாணமாகிப் புது வீட்டுக்குள் போகும் பெண் மாதிரி. முற்றத்தில் நின்று மேலே பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கூடத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. நேராகப் பின்கட்டைத் தாண்டிக் கொல்லை வாசலுக்குப் போய் நின்றவர், அங்கே போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எனக்கு இந்தப் பக்கந்தாண்டி தெரியும்."

எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். பாட்டி மிராசுதார் வீட்டுப் பண்ணையாள். அறுவடை முடிந்து கூலி வாங்கப் போகும்போது சின்னப் பெண்ணாக இருந்த அம்மாவும் கூடவே போவாராம். முன்தெரு வழியாகப் போக முடியாது. வயலைச் சுற்றி, மாட்டுக்கொட்டாய்ப் பக்கமாகப் போய்க் கொல்லையில் நிற்க வேண்டும். மரக்காலில் நெல்லை அளந்து உயரத்திலிருந்து கொட்டுவார்கள். முந்தானையை விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், மரக்காலில் கை பட்டுவிடக் கூடாது. கஞ்சி ஊற்றினால் பனையோலைப் பட்டையில். கிணறு எங்கே, அடுப்புப் புகை எந்த வழியாக வெளியே வரும், கன்றுக்குட்டி எங்கே கட்டியிருக்கும் எல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. இவ்வளவு நாள் அந்தக் கொல்லைக்கதவுக்கு அந்தப் புறம் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. எழுபது வயதுக்குப் பக்கத்தில் வந்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு, முதன்முதலாக முன்வாசல் வழியாக நுழைந்து பார்த்திருக்கிறார்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள், "நம்ம வீடு எங்கே அம்மாச்சி இருக்கு?" எல்லா மாதிரி வீடும் இருக்கும் இடத்தில் நம்முடையதும் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

"நம்ம வீடு மண்ணோட மண்ணாப் போயிருக்கும்டி கண்ணு" என்றார் அம்மா.

அதிலிருந்துதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது.

பழைய வீட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால், காப்பாற்றும் வரைக்கும் அது நிற்க வேண்டும். தேக்கு நிற்கும். கருங்கல் நிற்கும். கடுக்காயும் பனைவெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் நூறு வருஷம் நிற்கும். களிமண் சுவரும் கீற்றுக் கூரையும் எத்தனை மழை தாங்கும்? கூலிக்காரர் வீட்டைப் பிரித்து, நம்பர் போட்டு, லாரியில் ஏற்ற முடியாது. ஏற்றுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் மரபு வீடு என்றால் நம் எல்லோர் மனதிலும் முற்றமும் திண்ணையும் தூணும்தான் வருகிறது. ஊரில் பாதிப் பேர் அப்படி ஒரு வீட்டில் பிறக்கவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மண் வீடு குளுகுளுவென்று இருக்கும், இயற்கையோடு சேர்ந்தது, நம் முன்னோர் அறிவு என்று எழுதுகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். குளிர்ச்சி உண்மைதான். ஆனால் தஞ்சைப் பக்கத்துக் கூலிக்காரர் ஏன் காலம் முழுக்க மண்ணிலும் கீற்றிலுமே கட்டினார்? செங்கல் வாங்கக் காசில்லை என்பது ஒரு காரணம். அடிமனை அவருடையது இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். குடிசை நின்ற தரை மிராசுதாருடையது. பகைத்துக்கொண்டால் நாளைக்கே காலி செய்யச் சொல்லலாம். எழுந்து போகச் சொல்லக்கூடிய இடத்தில் யார் கடைக்கால் தோண்டுவார்கள்?

குடியிருந்த மனையை அவரவருக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது 1971-ல். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1968 டிசம்பர் 25 இரவு, எங்கள் பக்கத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் உயிருக்குப் பயந்து ஓடி ஒளிந்ததும் அப்படி ஒரு சின்னக் குடிசைக்குள்தான். மிராசுதாரின் ஆட்கள் அதை அப்படியே கொளுத்தினார்கள். குடிசை என்றால் எங்கள் பக்கத்தில் இதுவும் சேர்ந்ததுதான். ஆகவே கீற்றுக் கூரையைப் பார்த்து அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தட்சிணசித்ராவில் எளிய வீடே இல்லை என்று நான் சொல்லவில்லை. குயவர் வீடு இருக்கிறது, கூடை முடைபவர் வீடு இருக்கிறது. ஆந்திரப் பகுதியில் வட்டமாக, கூரை கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு மண் வீடு இருக்கிறதே, புயல் காற்றுக்கு ஈடு கொடுக்கவே அப்படிக் கட்டுவது, அதை அம்மா சுற்றிச் சுற்றி வந்தார். "இந்த மாரி இருந்திருந்தா கஜாவுக்கு நம்ம பக்கம் நின்னுருக்கும்" என்றார். 2018 நவம்பரில் அவர் தங்கையின் கூரை பறந்து போய்ப் பக்கத்து வாய்க்காலில் கிடந்தது.

நான் கேட்பது இதுபோல எந்த மரபு வளாகம் இனி எழுந்தாலும் அதற்குச் சேர்த்துத்தான். நிலமே இல்லாமல் நிலத்தில் உழைத்தவரின் வீடும் அங்கே நிற்க வேண்டும். அது எப்படிச் சாத்தியம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வேல்ஸ் நாட்டில் செய்ததைப் படித்தேன். கார்டிஃப் பக்கத்தில் செயின்ட் ஃபேகன்ஸ் என்று ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம், 1948-ல் திறந்தது. மெர்தர் டிட்ஃபில் என்ற இரும்பாலை ஊரிலிருந்து தொழிலாளர்கள் குடியிருந்த ஆறு வீட்டு வரிசை ஒன்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆறும் ஒரே மாதிரிச் சின்ன வீடுகள். ஆனால் முதல் வீட்டுக்குள் போனால் 1805. அடுத்தது 1855. அப்புறம் 1895, 1925, 1955, கடைசி வீட்டில் 1985. அந்தந்தக் காலத்து அடுப்பு, அந்தந்தக் காலத்துக் கட்டில், தட்டுமுட்டு. ஆறு வாசல் ஏறி இறங்கினால் ஒரு தொழிலாளர் குடும்பம் நூற்றியெண்பது வருஷத்தில் எங்கிருந்து எங்கே வந்தது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

படித்ததும் எங்கள் தெரு அப்படியே கண் முன்னால் வந்தது. முதல் வீடு 1950 வாக்கில்: குனிந்து நுழைகிற வாசல், மூலையில் அடுக்குப் பானை, உறி, சாணி மெழுகிய தரை, சுவரில் செருகிய அரிவாள். இரண்டாவது, 1971-க்குப் பிறகு: அதே குடிசைதான், ஆனால் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக மனைக்கான காகிதம். மூன்றாவது, அரசு கொடுத்த ஒரு விளக்கு எரிகிற வீடு. ஒரே ஒரு குண்டு பல்பு, அதன் அடியில் நான் படித்தேன். நாலாவது தொகுப்பு வீடு, மழைக்கு ஒழுகினாலும் தீப்பிடிக்காது என்று பாட்டி நிம்மதியாகத் தூங்கிய வீடு. அடுத்து 2006-க்கு மேல் இலவச கலர் டிவி வந்த கூடம். கடைசியில் இன்றைய கான்கிரீட் வீடு, வாசலில் டூவீலர், சுவரில் பட்டமளிப்புப் போட்டோ. இந்த வரிசையில் நடந்து போகிற எந்தக் குழந்தைக்கும் தமிழ்நாட்டுச் சரித்திரத்தைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இதைச் சித்தி மகனிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் குடிசைய ஒழிக்கத்தான் நம்ம அப்பன் ஆத்தா பாடுபட்டாங்க. அதப் போய்த் திரும்பக் கட்டி டிக்கெட் போட்டுக் காட்டணுமாக்கா? நம்ம வறுமைய வேடிக்கை பாக்கவா?" அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யாராவது அந்தக் குடிசை முன்னால் செல்ஃபி எடுத்து 'கிராமத்து வாழ்க்கை சொர்க்கம்' என்று போட்டால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் காட்டாமலே விட்டால் என்ன ஆகும்? 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கியபோது குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதுதான் நோக்கம். இப்போது கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் கிராமங்களில் 8 லட்சம் வீடு என்கிறார்கள், குடிசையே இல்லாத தமிழ்நாடு என்கிறார்கள். ஆகட்டும், ஒரு குடிசைகூட மிஞ்ச வேண்டாம், முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் கடைசிக் குடிசையும் போன பிறகு, எல்லோரும் முற்றம் வைத்த வீட்டில்தான் வாழ்ந்தோம் என்று பேரப்பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். என் மகள் அன்றைக்கு நம்பிவிட்டாளே.

எனவே அந்தக் குடிசை சும்மா நிற்கக் கூடாது. அது யாருடைய தரை, என்ன கூலி, கொல்லைப் பக்கம் ஏன் நின்றார்கள், எல்லாம் பலகையில் எழுதியிருக்க வேண்டும். பக்கத்திலேயே அந்த முன்வாசல் வீட்டுப் பலகையிலும் எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம், குடிசையில் இருந்தது வறுமை மட்டும்தானா? கைவேலையும் இருந்தது. தச்சரின் உளி வேலைக்குக் கொடுக்கிற மரியாதையை இதற்கு நாம் கொடுத்ததே இல்லை. அன்று ராத்திரி அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். களிமண்ணில் வைக்கோலைக் கலந்து, தண்ணீர் ஊற்றி, மாவு மாதிரி ஆகும்வரை மிதிக்க வேண்டும். அதை உருண்டை பிடித்து ஒரு முழ உயரத்துக்குச் சுவர் வைத்து நிறுத்திவிட வேண்டும். அது காய்ந்த பிறகுதான் அடுத்த முழம். அவசரப்பட்டு ஒரேயடியாக ஏற்றினால் அடி பிதுங்கிச் சரிந்துவிடும். கூரைக்கு மூங்கில். கீற்றைக் கீழேயிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போக வேண்டும், ஒன்றின் தலை மேல் இன்னொன்றின் அடி ஏற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கூரை மாற்றியாக வேண்டும், அதற்குத் தெருவே கூடும். இன்று உங்கள் வீட்டுக்குக் கூரை என்றால் நாளை எங்கள் வீட்டுக்கு. இப்படிப்பட்ட வீட்டை அருங்காட்சியகத்தில் பூட்டி வைக்க முடியாது. வருஷா வருஷம் கூரை பிரித்து வேய வேண்டும். வேயத் தெரிந்தவர்களை ஊரிலிருந்து அழைத்து, நல்ல சம்பளம் கொடுத்து, மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார்த்தி, அந்த வேலையையே காட்சியாக வைக்கலாம். அவர்களுக்கெல்லாம் இப்போது எழுபது வயது. பத்து வருஷம் கழித்துத் தேடினால் ஆள் கிடைக்காது.

போன ஞாயிறு எங்கள் அபார்ட்மெண்டில் தென்னை மட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். அம்மா அதில் இரண்டை இழுத்து வந்து, நடுத்தண்டைப் பிளந்து, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். சாயங்காலம் பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்து முடைய ஆரம்பித்தார்கள். அம்மாவின் கை ஓலையைப் பார்க்கவே இல்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அது பாட்டுக்குப் போகிறது. மகள் நாலாவது ஓலையிலேயே சிக்கிக்கொண்டாள்.

"இது தப்பாயிருச்சு அம்மாச்சி."

"தப்பாவுல. அழுத்திப் புடிச்சு இழு. எடவெளி வுட்டா ஒழுவும்."

இழுத்துப் பிடித்து முடைந்தாள். இருட்டும்வரை ஒரு கீற்றுதான் முடிந்தது. மாடிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம்.