மலைப்பாதையில் ஒலிபெருக்கி வேண்டாம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கோலகுபு பாரு, கெர்லிங், பத்தாங்காலி வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு, பால்மர நிரைகளுக்குப் பின்னால் எழும் தித்திவங்சா மலைத்தொடர் அன்றாடம் கண்ணில் பட்டாலும், பொழுதுபோக்காக அதில் ஏறிப் பார்க்கும் வழக்கம் அண்மையில்தான் பரவியிருக்கிறது. வார இறுதிகளில் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வருவது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால், ஒலிபெருக்கியில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஏறுவதை நாம் உடனே நிறுத்த வேண்டும்.

எங்கள் ஊர்ச் செம்பனைத் தோட்டத்தை ஒட்டித் தொடங்கும் வளையப் பாதையின் ஒரு பக்கம் பாறைகள் நிறைந்த செங்குத்து, மறுபக்கம் சரிவான மண்பாதை. பாறைப் பக்கமாக ஏறி மண்பாதையில் இறங்குவதே நல்லது. ஈரப்பாறையில் இறங்கும்போதுதான் கால் எளிதில் வழுக்குகிறது. இதில் இன்னொரு பயனும் உண்டு. மூச்சு வாங்க நிற்கும் இடங்களில் சரிவுக்குக் கீழே வளர்ந்த மரங்களின் உச்சிகள் நம் கண்மட்டத்துக்கு வந்துவிடுவதால், தரையிலிருந்து தெரியாத விலங்குகளும் பறவைகளும் அங்கே தெரிகின்றன.

சியாமாங் என்னும் வாலில்லாக் கருங்குரங்குகள் தொண்டைப்பையை உப்பவைத்து, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து எழுப்பும் குரல் மலை தாண்டிக் கேட்கும். நம் நாட்டின் தேசியப் பறவையான கொம்பு இருவாச்சி வருவதை, உருவம் தெரியுமுன்பே சிறகோசை சொல்லிவிடும். பெண் பறவை பெருமரப் பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் பறவை சிறு பிளவின் வழியே இரையூட்டுகிறது. உண்ட அத்திப்பழங்களின் விதைகளைக் காடெங்கும் பரப்புவதும் இந்தப் பறவைதான். இவற்றைக் கேட்கவும் பார்க்கவும் நாம் அமைதியாக இருந்தாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் சினிமாப் பாட்டை மட்டும் கேட்கவைத்துத் திருப்பி அழைத்துச் செல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நீள்வால் குரங்குகளுக்கு ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுப்பதும் கூடாது. கையில் வாங்கிப் பழகிய குரங்கு பிறகு பையைப் பிடுங்க வருகிறது. செங்குத்துப் பாறையில் அந்த இழுபறி உயிருக்கே ஆபத்து.

காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை என்பதால், அதை முன்கூட்டியே பெறுங்கள். பிற்பகல் மழைக்கு முன் இறங்கிவிடும்படி விடியற்காலையில் தொடங்குங்கள். பெரிய குழுவாக வருவோர் ஐந்தாறு பேராகப் பிரிந்து, இடைவெளி விட்டு ஏறுங்கள்.