வெட்நெஸ்டே

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த நாற்பது செக்கன் வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் போகவேண்டாம். இன்று காலை கந்தோரில் தேத்தண்ணி நேரத்தில் ஒருவர் அதைப் போட்டுக் காட்ட, சுற்றி நின்ற ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏழாவது ஆளாக நானும் பல்லைக் காட்டினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலதிகாரி காட்டுகிற பகிடிக்குச் சிரிக்காமல் நிற்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

லண்டனில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் வகுப்பு. பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு வெள்ளைப் பலகை. ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும், எங்கள் அம்மா ஒருவர் எழுந்து நின்று பலகையில் உள்ள கிழமைகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறார். திங்கள் சரி. செவ்வாய் சரி. புதனில் வந்து நிற்கிறார். "வெட்... நெஸ்... டே" என்கிறார். அவ்வளவுதான். அதை வெட்டி, மூன்று தரம் திருப்பி ஓடவிட்டு, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்து, 'லண்டன் மாமியின் இங்கிலீஷ்' என்று தலைப்புப் போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. எங்கள் ஊர் இணையப் பக்கம் ஒன்று. பெயர் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரியும். கீழே 'சிறிச்சு சிறிச்சு வயிறு நோகுது' என்று வேறு எழுதியிருக்கிறார்கள். வல்லின 'றி' போட்டு. சொந்த மொழியில் சிரிக்கவே எழுத்துத் தெரியாத வாத்திமார்!

முதலில் ஒன்று. அந்த அம்மா பிழையாக வாசிக்கவில்லை. அந்தச் சொல்லின் நடுவே ஒரு 'டி' நிற்கிறது. எழுதுவார்கள், உச்சரிக்கமாட்டார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினால் 'வெட்நெஸ்டே' என்றுதான் வரும். நாங்கள் சின்ன வயதிலேயே அடிவாங்கி அதை 'வென்ஸ்டே' என்று மனப்பாடம் செய்துவிட்டோம். அவர் உண்மையிலேயே வாசித்தார்.

அடுத்ததுதான் நான் சொல்ல வந்தது. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதல்ல விஷயம். அந்த அம்மாவுக்கு எழுத்தே இப்போதுதான் முதல்முறை. தமிழிலும் தெரியாது. அது அவர் விரல் வைக்கிற விதத்திலேயே தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் சொல்லுக்குக் கீழே விரலை இழுத்துக்கொண்டு போவான். அவர் ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, பக்கத்து எழுத்தை மறைத்துக்கொண்டு போகிறார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் பெரியக்கா அப்படித்தான் வைப்பா.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் எல்லாம் 'அம்மா' என்று எழுதப் பழகும்போது அம்மா யார் என்று எங்களுக்குத் தெரியும். சத்தம் தெரியும், பொருள் தெரியும், எழுத்து மட்டும்தான் புதிது. இவர்களுக்குச் சத்தமும் புதிது, பொருளும் புதிது, பேனை பிடிப்பதும் புதிது. '26 எழுத்துத்தானே, எங்கட 247க்கு முன்னால் இது என்ன பெரிய வேலை' என்று ஒரு அறிவாளி கீழே எழுதியிருந்தார். 26 இல்லை ஐயா. பெரிய எழுத்து ஒரு முகம், சின்ன எழுத்து வேறு முகம். ஆனால் சத்தம் நாற்பதுக்கு மேல். ஒரே எழுத்து ஒரு சொல்லில் 'க' என்கும், அடுத்த சொல்லில் 'ச' என்கும், மற்றதில் வாயே திறக்காது. நீங்கள் மூன்றாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு ஓ.எல் சோதனை வரை ஒன்பது வருடம் படித்தீர்கள். அந்தப் பக்கத்தில் 'ஹாஹா' அடித்தவர்களில் எத்தனை பேர் ஒரு வேலை விண்ணப்பத்தை ஆரிடமும் கேட்காமல் இங்கிலீஷில் நிரப்புவார்கள்? கந்தோரில் இருப்பவன் நான், எனக்குத் தெரியும்.

சரி, அக்காவுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் படுவான்கரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, கொக்கட்டிச்சோலைக்குப் பக்கம். 1978 நவம்பர் 23, சூறாவளி. அக்காவுக்கு ஆறு வயது, முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கூரை போனது. திரும்பவும் கூரை போட்டு முடிந்தபோது வீட்டில் நான் பிறந்திருந்தேன். அம்மா வயலுக்குப் போகவேண்டும், பிள்ளையை யார் பார்ப்பது? அவ்வளவுதான் அக்காவின் படிப்பு. யாரும் இருந்து முடிவெடுக்கவில்லை, யாரும் அழவும் இல்லை. எனக்குப் பிறகு தங்கச்சி. அக்கா இடுப்பில் எப்போதும் யாராவது இருந்தோம். எங்கள் ஊர்க்காரர் மேடைக்கு மேடை சொல்வார்களே, 1814இலேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்த மட்டக்களப்பு என்று. வந்தது, வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரைக்கு வந்தது. மண்முனையில் வாவியைக் கடக்க எங்களுக்குப் பாலம் கிடைத்தது 2014இல். இருநூறு வருடம் கழித்து. அதுவரைக்கும் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இப்போது ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். 1989, எனக்குப் பத்து வயது. அக்காவுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். அத்தான் சவூதியில். அங்கிருந்து கடிதம் வரும், நீலக் கரை போட்ட கவர். வாசித்துக் காட்டுகிற உத்தியோகம் எனக்கு. மாமரத்துக்குக் கீழே அக்கா பாயைப் போட்டு, எனக்கு ஒரு துண்டு கச்சான் அல்வா தந்து, "வாசி மனே" என்பா. நானும் வாசிப்பேன். கொஞ்ச நாள் போனதும் அலுத்துவிட்டது. அத்தான் எழுதாததையெல்லாம் சேர்த்து வாசிக்கத் தொடங்கினேன். "இங்கே வெயிலில் நான் கறுத்துப்போய்விட்டேன், நீர் என்னைக் கண்டால் ஓடிவிடுவீர்." அக்கா சிரிப்பா. ஒருநாள், "உமக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று அறிந்தேன், யோசித்துச் சொல்கிறேன்" என்று வாசித்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சும்மா பகிடிக்கு. அக்கா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. பிறகு நான் உண்மையைச் சொன்னேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மச்சாளிடம் போனா. அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கடிதமும் வரவில்லை.

ஆகவே 'பகிடிதானே, ஏன் சீரியஸாக எடுக்கிறீங்க' என்பவர்களுக்கு: அந்தப் பகிடியை உங்களுக்கு முன்னமே நான் செய்து பார்த்துவிட்டேன். முப்பத்தைந்து வருட அனுபவஸ்தன். அது பகிடி இல்லை.

'இருபது வருடமாக லண்டனில் இருந்து என்ன புடுங்கினவ?' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. என் அக்காவும் லண்டனில்தான். 2001இலிருந்து அங்கே என்ன செய்தா தெரியுமா? விடிய நாலு மணிக்கு ஒரு கந்தோரில் துப்பரவு வேலை. எட்டு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டு, பின்னேரம் இன்னொரு இடத்தில் அதே வேலை. அதில் வந்த காசில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டது, தங்கச்சிக்குச் சீதனம் போனது, நான் மூன்று வருடம் வேலை தேடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரிந்தது. அந்தக் காசை ஏஜென்சியில் எடுக்கும்போது, காசு மாற்றித் தருகிற உண்டியல்காரன் இங்கிலீஷில் கேட்டானா தம்பி?

2010 வாக்கில் அக்காவுக்கு வயிற்றில் ஒரு வருத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை அக்காவுக்கும், அக்கா சொல்வதை டாக்டருக்கும் மாற்றிச் சொன்னது யார்? பன்னிரண்டு வயது மகன். கர்ப்பப்பை என்பதற்கு அவனுக்குத் தமிழிலும் சொல் தெரியாது. தாய் வெட்கத்தில் பாதியைச் சொல்லவில்லை, மகன் விளங்காமல் பாதியைச் சொல்லவில்லை. மிச்சத்தை வைத்து மருந்து கொடுத்தார்கள். இதை அக்கா எனக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் சொன்னா. இரவல் வாய் வேண்டாம் என்று போனவர்கள்தான் அந்த வகுப்புகளில் இருக்கிறார்கள், இரவல் கண்ணும் வேண்டாம் என்று.

அத்தானுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அக்காவுக்கு இல்லை. 2005இலிருந்து குடியுரிமைக்கு 'லைஃப் இன் த யூகே' என்று ஒரு சோதனை எழுதவேண்டும். கம்ப்யூட்டரில் 24 கேள்வி, 18 சரியாக வரவேண்டும், ராசாக்களின் கதையெல்லாம் கேட்பார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு முதல் கேள்வியிலேயே முடிந்தது. விமான நிலையத்தில் அவர்கள் நாலு பேரும் ஒரு வரிசை, அக்கா தனியாக ஒரு வரிசை. "நான் லக்கேஜோட லக்கேஜா நிப்பன்" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவா.

இரண்டு வருடத்துக்கு முன்னம்தான் வகுப்புக்குப் போகத் தொடங்கினா. ஒரு சேர்ச் மண்டபம், செவ்வாயும் வியாழனும். படிப்பிப்பது ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார டீச்சர், சம்பளம் இல்லை. சோமாலி, வங்காளி, ஆப்கான் பெண்கள். அரச கல்லூரிகளிலும் வகுப்பு இருக்கிறது. ஆனால் பேனையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டியவருக்குப் பக்கத்தில் இருந்து விரலைப் பிடிக்க ஆள் வேண்டும், அதை இப்படியான சின்ன நிறுவனங்கள்தான் செய்கின்றன. அந்த டீச்சர் புத்தகம் வைத்துப் படிப்பிப்பதில்லை. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்பாவாம். அக்கா தெரிந்த இங்கிலீஷில் சொல்ல, அதையே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, இதை வாசி என்பாவாம். சொன்னது தன் வாயால் வந்தது, அதனால் எழுத்து மட்டும்தான் பாரம். அக்காவின் முதல் பாடத்தின் பெயர் 'நான் பிட்டு அவித்தேன்'. பிட்டுக்கு இங்கிலீஷ் எழுத்து என்னவென்று டீச்சருக்கும் தெரியாமல் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்திருக்கிறார்கள்.

'வீடியோவை அந்த நிறுவனம்தானே முதலில் போட்டது' என்கிறீர்கள். போட்டார்கள். பெருமையில் போட்டார்கள். கேட்டுப் போட்டிருக்கலாம், ஒருவேளை கேட்டுத்தான் போட்டார்களோ தெரியாது. அதைப் பற்றி இப்போது கதைக்க வரவில்லை.

'இங்க எங்கட சனம் கைநாட்டு வைக்குது, நீ லண்டனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்' என்று உள்பெட்டியில் ஒருவர். வாருங்கள், அதையும் கதைப்போம். இந்த மாவட்டத்தில் நுண்கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு, வாராவாரம் காசு அறவிட வருகிறவனுக்குப் பயந்து பின்கதவால் ஓடிய பெண்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கந்தோர் வாசலில் படிவம் நிரப்பக் காசு கொடுத்துவிட்டு, உள்ளே வந்து "தம்பி, இதில என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே ஒரு இரவு வகுப்பு வைத்தால் வருவார்களா? அந்த வீடியோவைப் பார்த்த பிறகு வருவார்களா என்று கேட்கிறேன். விபுலானந்தர் பிறந்த மண் என்று மார்தட்டுகிறோம். எழுதப் படிக்க ஆசைப்பட்டு எழுந்து நின்ற ஒரு பெண்ணுக்கு அந்த மண் கொடுத்த வரவேற்பு அது.

நானும் பெரிய ஆள் இல்லை. 2007 சுற்றறிக்கைக்குப் பிறகு அரச வேலையில் சேர்ந்த தமிழர்கள் சிங்களம் படித்தே ஆகவேண்டும் என்பதால் எங்களுக்கும் வகுப்பு வைத்தார்கள். இருபத்தொன்பது வயதில் கொப்பியில் வட்டம் வட்டமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பலகையில் இருந்ததை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டா. நான் வாசித்தது என்ன சொல் என்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு கிழமை காய்ச்சல் என்று லீவு போட்டேன். பட்டதாரி நான். வேலைக்காகப் படிக்கிறவன். எனக்கே அப்படி.

அக்கா போன வருடம் எனக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினா. குரல் இல்லை, எழுத்து. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'தம்பி சாப்டியா'. மூன்று எழுத்து இடம் மாறி இருந்தது, போன் வேறு தன் பாட்டுக்கு ஒன்றைத் திருத்தி வைத்திருந்தது. நாலு தரம் வாசித்த பிறகுதான் விளங்கியது. என் நாற்பத்தைந்து வயதில் அக்காவிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம். அழித்துவிடாமல் வைத்திருக்கிறேன்.

நேற்று இரவு அக்காவுக்கும் அந்த வீடியோ போயிருக்கிறது. யாரோ சொந்தக்காரர்தான், குடும்பக் குழுவில், சிரிக்கிற பொம்மைகளோடு. அந்த அம்மா அக்காவின் வகுப்பு இல்லை, வேறு இடம். ஆனால் அக்கா குழுவில் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு மட்டும் தனியாக ஒரு வரி, இந்த முறை ஒரு எழுத்தும் பிழையில்லாமல்: 'என்னையும் எடுத்திருப்பாங்களோ'.

நாளைக்குச் செவ்வாய், அக்காவுக்கு வகுப்பு. போகிறாயா என்று கேட்டு அனுப்பினேன். நீலக் கோடு இரண்டும் விழுந்து மூன்று மணித்தியாலம் ஆகிறது.