'இன்ஃப்ராசாவ்' எல்லாம் குற்றம் ஆகாது

பிரேசில் போக்குவரத்துச் சட்டத்தைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்று, அச்சட்டத்தில் வரும் 'இன்ஃப்ராசாவ்' என்ற போர்த்துகீசியச் சொல்லை முழுவதும் 'குற்றம்' என்றே எழுதியிருப்பது பொருந்தவில்லை. 'விதிமீறல்' என்பதே சரி. சிவப்பு விளக்கைத் தாண்டிச் செல்பவருக்கு அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் தண்டப் புள்ளிகளும் உண்டே தவிர, அதற்காகச் சிறைத்தண்டனை இல்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதிமீறல்களை இலேசானவை, நடுத்தரமானவை, கடுமையானவை, மிகக் கடுமையானவை எனப் பிரித்து, முறையே 3, 4, 5, 7 புள்ளிகளை விதிக்கிறது. கால்பந்து ஆட்டத்தின் விதிமீறலுக்கும் இதே சொல் வழங்குகிறது.

ஆயினும் 'பெனால்' (தண்டனை சார்ந்த) என்ற அடைமொழி பின்னால் சேர்ந்தால் பொருள் தண்டனைச் சட்டத்தின் எல்லைக்குள் நுழைந்து, 'கிரிமி' எனப்படும் குற்றத்தையும், அதைவிடச் சிறியதான 'கோன்ட்ராவென்சாவ்' என்பதையும் சேர்த்தே குறிக்கிறது. இரண்டாவது வகைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1892இல் ரியோ டி ஜெனீரோவின் விலங்குக் காட்சிசாலைக்குக் கூட்டம் சேர்க்கத் தொடங்கப்பட்ட 'ஜோகோ டோ பிஷோ' என்னும் விலங்குப்பட லாட்டரியாகும். 1941ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்திருந்தும், 25 விலங்குகளைக் கொண்ட அந்த ஆட்டம் தெருமுனைகளில் வெளிப்படையாகவே நடந்துவருகிறது. அதை நடத்தும் பெரும்புள்ளிகளைச் செய்தித்தாள்கள் 'கோன்ட்ராவென்டோர்', அதாவது 'கோன்ட்ராவென்சாவ்' மட்டுமே புரிபவர், என்று குறிப்பிடுவது, என் பார்வையில், அவர்களுக்குக் காட்டப்படும் தேவையற்ற சலுகையே.