'தி உமன் ஐ ஸ்போக் டு' பிழையல்ல

ஆங்கில வாக்கியத்தை 'டு', 'வித்' போன்ற சொல்லில் முடிப்பது இலக்கணப் பிழை என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது உண்மையல்ல.

'நான் பேசிய பெண்' என்பதை 'தி உமன் ஐ ஸ்போக் டு' என்றும் சொல்லலாம், 'தி உமன் டு ஹூம் ஐ ஸ்போக்' என்றும் சொல்லலாம். முதலாவது பேச்சுக்கு இயல்பானது, அடுத்தது அலுவல் கடிதத்துக்குப் பொருந்தும். ஆளைக் குறிக்கும்போது 'டு' முன்னால் வந்தால் அதையடுத்து 'ஹூம்'தான். 'தட்' வரவே வராது.

தமிழில் 'பேசிய' என்பதே போதும். அந்தப் பழக்கத்தில், பயந்துபோய் 'டு'வையே விட்டுவிடுகிறோம். உண்மையான பிழை அதுதான்!

வாக்கியத்தை இப்படி முடிப்பது பற்றி 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் எழுப்பிய ஆட்சேபம் இன்றும் விதியாக உலவுகிறது. கேம்பிரிட்ஜ் அகராதி இணையதளத்தின் இலக்கணப் பகுதியில் சரிபாருங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.