அது சென்ட்ரல் இல்லை, மூர் மார்க்கெட்

சனிக்கிழமை நடந்த கூத்து உங்களில் பல பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: ஒரு பழைய மதராஸ் படத்துக்கு வண்ணம் பூசி, சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். நான் கீழே போய்த் திருத்தப்போய், கமெண்டில் சண்டையாகிவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி "நீங்க இன்னும் பதில் சொல்லலையா?" என்று கேட்டவர்களுக்கு நன்றி. சொல்ல வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று காலை அதே படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. கீழே அதே வரி: "1890இல் நம்ம சென்ட்ரல் ஸ்டேஷன்". அனுப்பியவர் என் சொந்தச் சித்தப்பா. இதற்கு மேல் முடியாது.

அது சென்ட்ரல் இல்லை. மூர் மார்க்கெட். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்தது. 1898இல் அடிக்கல் போட்டு 1900இல் திறந்தார்கள். 1890இல் அந்த மார்க்கெட்டின் ஒரு செங்கல்கூடக் கிடையாது. சனிக்கிழமையும் இதைத்தான் எழுதினேன். நாலே வரி, கடைசியில் ஒரு ஸ்மைலி வேறு. "அக்கா, ஃபீல் பண்ண விடுங்க, கிளாஸ் எடுக்காதீங்க" என்று பதில் வந்தது. அதற்கு விழுந்த ஹார்ட்டுகளை நான் எண்ணவில்லை. (எண்ணினேன். விடுங்கள்.)

சரி, ஃபீல் பண்ணுங்கள். ஆனால் எதைப் பார்த்து? ஏஐ வண்ணம் பூசிய படம் அது. செக்கச்செவேலென்று இருந்த செங்கல் கட்டடம் கல்யாண மண்டபம் மாதிரி கிரீம் கலரில் நிற்கிறது. முன்னால் ஒரு ஜட்கா வண்டி. குதிரைக்குப் பின்னங்கால் மூன்று. கறுப்பு வெள்ளைப் படத்தில் தலைப்பாகை கட்டியிருந்த வண்டிக்காரர் இதில் தொப்பி போட்டு வெள்ளைக்காரராகிவிட்டார். பாவம், மனிதர் நூறு வருஷம் கழித்து சீமைக்குப் போய்விட்டார்.

நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தைப் பற்றித் தப்பாக எழுதினால் பரவாயில்லை. சந்தேகம் வந்தால் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மூர் மார்க்கெட்டை எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? 1985 மே 30 அன்று எரிந்துபோனது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. போட்டோதான் மிச்சம். அந்த போட்டோவையும் கெடுத்துவிட்டு, பேரையும் மாற்றிவிட்டு, "மறக்க முடியுமா" என்று கேட்டால் என்ன அர்த்தம்? நீங்கள் நினைவு வைத்திருப்பது எதை?

"அந்தக் காலத்திலேயே போட்டோவுக்குக் கலர் அடித்தார்களே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஃப்ரெட்ரிக் ஃபீபிக் என்ற போட்டோகிராபர் 1850களின் தொடக்கத்தில் மதராஸைப் படம் எடுத்தார். அந்தப் படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் ஐயா, ஃபீபிக் இந்த ஊரில் வந்து நின்று, வெயிலில் வெந்து, கண்ணால் பார்த்தவர். உங்கள் ஆப் எந்த வெயிலில் நின்றது?

ஒரு பழைய படத்தை உட்கார்ந்து பார்ப்பதில் எவ்வளவு சுகம் இருக்கிறது தெரியுமா? மதராஸ் தெருவில் டிராம் ஓடினால் அது 1895க்கும் 1953க்கும் நடுவில் எடுத்தது. ரிப்பன் மாளிகை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் 1913க்கு முன்னால். மவுண்ட் ரோட்டில் எல்ஐசி கட்டடம் முழுசாக நிற்கிறதா, 1950களின் கடைசியாவது ஆகியிருக்க வேண்டும். அதே ரோட்டில் பழைய ஸ்பென்சர் கடைக் கட்டடம் தெரிந்தால் 1983 தீ விபத்துக்கு முன்னால். இப்படிப் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டியிருக்கிறேன். நானும் தப்பு செய்திருக்கிறேன். எல்பின்ஸ்டன் தியேட்டர் படத்தை வெலிங்டன் என்று போட்டு, ஒரு பெரியவர் திருத்தினார். நன்றி சொல்லி மாற்றினேன். "ஃபீல் பண்ண விடுங்க" என்று சொல்லவில்லை.

அடுத்தது அந்த மகா கேள்வி: "வெள்ளைக்காரன் கட்டினது போனா போகட்டும், உங்களுக்கு ஏன் எரியுது?"

எனக்கு ஏன் எரிகிறது என்றால், 1984 பெரிய லீவில் அப்பா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஒன்பது வயது. ஒரு கையில் அப்பா விரல், இன்னொரு கையில் ஐஸ் வைத்த நன்னாரி சர்பத். பழைய புத்தகக் கடை ஒன்றின் முன்னால் அப்பா குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். தனக்கு வேண்டிய புத்தகத்தைத் தொடவே மாட்டார். வேண்டாத நாலு புத்தகத்தை எடுத்து விலை கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், எழுந்து பத்தடி நடப்பார். கடைக்காரர் "சார், கடைசியா சொல்லுங்க" என்றதும் திரும்பி வந்து, போகிற போக்கில் கேட்பது போல, "இது எவ்வளவுப்பா?" என்பார். கடைக்காரருக்கும் இந்த நாடகம் தெரியும். எனக்கு ஒரு தமிழ் அகராதி வாங்கித் தந்தார். அட்டை இல்லை, 'அ'வில் பாதி இல்லை. அடுத்த லீவில் மார்க்கெட்டே இல்லை. "தானா பிடிச்ச தீயா அது?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார் அப்பா.

ஜார்ஜ் மூர் என்ற வெள்ளைக்காரர் பேரில் இருந்தது, உண்மை. அதில் வெள்ளைக்காரனுக்கு என்ன போயிற்று? கடை போட்டவர் யார், பேரம் பேசியவர் யார்?

"சோத்துக்கே வழியில்லாத நாட்டில் கட்டடம் முக்கியமா?" என்று கேட்டவருக்குப் பதில் கிடையாது. அவர் புரொஃபைலில் இருந்த பிரியாணி படத்தைப் பார்த்துவிட்டேன்.

நான் ஒன்றும் எல்லாக் கட்டடத்தையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. சென்ட்ரலுக்கு எதிரே இருந்த பழைய மத்தியச் சிறையை 2009இல் இடித்தார்கள். அதற்கு முன் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டபோது நானும் போனேன். சிறைச்சாலைக்காக அழ முடியுமா? ஆனால் ஒரு கொட்டடிச் சுவரில் வரிசையாக நாள் கணக்குக் கோடுகள் கிழித்திருந்தது. என் போனில் எடுத்தேன். அந்தக் காலத்து போன், படம் இட்லி மாவு மாதிரி விழுந்தது. இருந்தாலும் வைத்திருக்கிறேன். ஓமந்தூரார் தோட்டத்தில் கவர்னர் பங்களா இடிபட்டதும் நம் கண் முன்னால்தான். பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கி, கோர்ட் தடுத்ததால் பாதி பிழைத்தது. இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை இல்லை. அன்றைக்கு எத்தனை பேர் ஃபீல் பண்ணினீர்கள்?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அப்போது புரியலாம். திருவல்லிக்கேணியில் தாத்தா வீடு. திண்ணை, மரத்தூண், முற்றம். 1998இல் விற்றோம், இடித்தார்கள், இப்போது ஆறு ஃபிளாட். அந்த வீட்டுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அத்தை கல்யாணத்தன்று திண்ணையில் எல்லாரும் நின்று எடுத்தது. வலது ஓரத்தில், வாசக்கால் பக்கத்துச் சுவரில் கரிக்கோடுகள் தெரியும். பிள்ளைகளின் உயரத்தைத் தாத்தா வருஷா வருஷம் குறித்து வைத்தது. போன மாதம் தம்பி மகன் அந்தப் படத்தை ஒரு ஆப்பில் போட்டுச் "சரி" பண்ணினான். அத்தை முகம் இருபது வயசு நடிகை முகமாகிவிட்டது. சுவர் அழுக்கையும் அது துடைத்துவிட்டது. கோடுகளைக் காணோம். "எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாரு" என்று அத்தையே சந்தோஷப்பட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை சித்தப்பாவுக்கு மூர் மார்க்கெட் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பழைய கல்யாணப் படத்தை அனுப்பி, ஒரு கோட்டைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, "சித்தப்பா, இது நீங்கதானே, 1962?" என்று கேட்டேன்.

இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. "62 இல்லம்மா, 63. நான் அப்ப ஆறாவது. தப்பா போடாதே."